முப்பத்தொரு பேருக்கும் ஒரே தாத்தா

பரிமளா எம்.பி.ஏ. சேர்ந்த வருஷம், அவளுடைய அப்பா சடையப்பனை வழியில் பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? சடையப்பனுக்குத் தெரியாது. மகளிடமே கேட்டார்.

"எச்.ஆர். நைனா."

"எச்சார்னா?"

"கம்பெனிக்கு ஆளு எடுக்கறது. வந்த ஆளு ஒயுங்கா வர்றாங்களா, அவங்களுக்கு லீவு, சம்பளம், பஸ்ஸு, சாப்பாடு எல்லாம் சரியா போவுதான்னு பாத்துக்கறது."

சடையப்பன் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் யோசித்தார். "மேஸ்திரி வேலன்னு சொல்லேன். நம்ம மேஸ்திரி மூணாங்கிளாஸு. நீ இன்னாத்துக்கு இத்தினி வருஷம் படிச்சிக்கினு கீற?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அப்படித்தான் புரிந்துகொண்டார், அப்படியே ஊரிலும் சொன்னார். அதனால் காஞ்சிபுரம் பக்கத்துக் கல்லூரிக்கு தினமும் திருப்புலிவனத்தில் பஸ் ஏறிய இரண்டு வருஷமும், பரிமளாவை காலனியில் சிலர் "மேஸ்திரியம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

எச்.ஆர். பாடத்தை அவள் ஆசைப்பட்டு எடுத்தவளும் இல்லை. இரண்டாம் வருஷம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்க்கெட்டிங் எடுத்தால் ஊர் ஊராகச் சுற்ற வண்டி வேண்டும். ஃபைனான்ஸில் கணக்கு. மிச்சமிருந்தது இது. ஒரகடம் பக்கத்து ஒயர் கம்பெனியிலிருந்து கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த மேனேஜர் ஸ்ரீகாந்த், "ஏன் எச்.ஆர். எடுத்தீங்க?" என்று கேட்டபோது, அவளுக்கு முன்னால் போன பதினாறு பேரும் "மனிதர்களோடு பழகுவது எனக்குப் பிடிக்கும்" என்று ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். பரிமளா, "எங்கிட்ட வண்டி இல்ல சார்" என்றாள். ஸ்ரீகாந்த் சிரித்துவிட்டார். அன்றைக்கு எடுத்த ஒரே ஆள் அவள்தான்.

அது கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றி அனுப்பும் கம்பெனி. வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பரிமளாவுக்கு டிரெய்னி என்று பெயர். மனித வளம் பற்றி அவள் படித்த தடித்த புத்தகங்களில் இல்லாத வேலைகளாகவே முதலில் வந்தன. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கும்போது கண் மூடியவர்களைத் திரும்ப உட்கார வைப்பது. பிறந்தநாள்காரர்களுக்கு மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு கேக் வாங்கி, யார் வெட்டுவது என்ற சண்டையைத் தீர்ப்பது. சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒரு ஷிப்டும் உப்பே இல்லை என்று அடுத்த ஷிப்டும் எழுதிப் போடும் புகார்களை ஃபைல் செய்வது. ஒரு நாள் இரண்டு புகாரும் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, தான் பெரிய ஆள்தான் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஊரைப் பொறுத்தவரை அவள் வேலை கொடுக்கிறவள். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்தே பயோடேட்டா வர ஆரம்பித்தது. ரேஷன் கடை வரிசையில் கொடுத்தார்கள். கோயில் பிரசாதத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அம்மா அம்முலுவிடம் மாங்காய் கொடுத்து, அடியில் பயோடேட்டா வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்த ஜெனிஃபர் நேராக வீட்டுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தா மே, என்னுது. மத்தவங்கள்து எல்லாம் கீய வச்சிட்டு என்னுத மேல வை."

"ஜெனி, நான் டிரெய்னி. நானே எப்ப அனுப்பிடுவாங்கன்னு தெரியாம கீறேன்."

"அதுக்குள்ள என்ன சேத்துடு."

எதையும் தூக்கிப் போட மனசு வராமல் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்தாள்.

நான்காம் மாதம் கம்பெனியில் புதிதாக நான்காவது லைன் ஆரம்பித்தார்கள். லைன் என்றால், பெல்ட் ஓட ஓட வரிசையாக நின்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் வேலையைத் தொடர்வது. முப்பத்தாறு பேர் வேண்டும். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் அனுப்பிய ஆட்கள் ஒரு வாரம் வந்து, மறுவாரம் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். உற்பத்தி மேனேஜர் தினேஷ்குமார் தினமும் எச்.ஆர். அறைக்கு வந்து நின்று கத்திவிட்டுப் போனார். ஸ்ரீகாந்த் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பரிமளா, "சார், எங்கிட்ட ஒரு பை நெறய பயோடேட்டா கீது" என்றாள்.

மூன்று நாள் இன்டர்வியூ நடந்தது. பரிமளா யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஒயரை நிறம் பார்த்துப் பிரிக்கும் சோதனை, கை வேகச் சோதனை, ஒரு மணி நேரம் நிற்கிற சோதனை எல்லாம் வைத்து, அவள் காலனியிலிருந்து மட்டும் முப்பத்தொரு பேர் தேறினார்கள். எல்லாருக்கும் ஒரே பஸ், ஒரே ஷிப்ட் என்றால் வசதி என்பதால் முப்பத்தொரு பேரையும் ஒரே லைனில் போடலாம் என்று சொன்னதும் அவள்தான். ஸ்ரீகாந்த் அதை "நல்ல ஐடியா" என்று மெயிலில் எழுதினார். பரிமளா அந்த மெயிலைப் பலமுறை படித்தாள்.

ஆறு மாதம் ஒருவர்கூட வேலையை விடவில்லை. கம்பெனியிலேயே நான்காவது லைனில்தான் லீவு குறைவு. அதற்கு ஒரு காரணம் வேதகிரி தாத்தா. காலனியிலேயே மூத்தவர், தொண்ணூற்று நான்கு வயது. விடிவதற்கு முன்னால் ஐந்தேகாலுக்கு கம்பெனி பஸ் வரும் இடத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் முதல் ஆளாக நிற்பார். அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வருகிற ஒவ்வொரு ஆளையும் எண்ணுவார். ஒருவர் குறைந்தால் டிரைவரைப் போக விடமாட்டார். "இரு நைனா, மூணாவது வூட்டுப் பொண்ணு இன்னும் வர்ல" என்று பஸ்ஸுக்கு முன்னால் நிற்பார். எல்லாரும் ஏறியதும் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டி "ரைட்!" என்பார். அந்த ஆறு மாதத்தில் டிரைவர் ஆளை விட்டுவிட்டுப் போனதாக ஒரு நாள்கூட இல்லை.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை. அன்று பரிமளாவுக்கு வார விடுப்பு. மாலை நான்கு மணிக்கு, முதல் ஷிப்ட் பஸ் திரும்பி வந்து எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தபோது, தாத்தா பகல் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. கல்யாணச் சாவுதான். ஆனாலும் கையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் அப்படியே தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். பெங்களூரிலிருந்து மகள் வர வேண்டும், மறுநாள் பிற்பகல் அடக்கம் என்று முடிவானது.

அந்த மாதம்தான் கம்பெனியில் லீவு கேட்பதற்கு மொபைல் ஆப் வந்திருந்தது. அதில் எப்படி விண்ணப்பிப்பது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தவள் பரிமளா. நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தாள். தாத்தா பாட்டி இறந்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்ற விதியையும் சேர்த்துத்தான். ஐந்து மணிக்குள் ஸ்ரீகாந்தின் போனில் வரிசையாக மணி அடிக்க ஆரம்பித்தது. காரணம்: மறைவு. உறவு: தாத்தா. பெயர்: வேதகிரி. இப்படி முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதும் வந்தது. பரிமளா, எச்.ஆர். டிரெய்னி. உறவு: தாத்தா. பெயர்: வேதகிரி.

ஸ்ரீகாந்த் உடனே போன் செய்தார்.

"பரிமளா, உங்க ஊர்ல வேதகிரின்னு எத்தனை பேர் இன்னைக்கு இறந்துட்டாங்க?"

"ஒருத்தர்தான் சார்."

"ஒரு மனுஷனுக்கு முப்பத்திரண்டு பேரப் பசங்களா?"

"இல்ல சார். நம்ம கம்பெனில வேல செய்யறவங்க மட்டும்தான் முப்பத்திரண்டு."

எதிர்முனையில் பின்னாலிருந்து தினேஷ்குமாரின் குரல் கேட்டது. "இது ஸ்ட்ரைக் சார்! தாத்தாவும் இல்ல, பாட்டியும் இல்ல! திங்கக்கிழமை காலைல லாரி கெளம்பணும், நாளைக்கு லைன் நின்னா நான் தீர்ந்தேன்!"

"நான் நேர்ல வர்றேன்" என்றார் ஸ்ரீகாந்த்.

ஆறரை மணிக்கு அவருடைய கார் காலனிக்குள் நுழைந்தது. மேளம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கையில் முப்பத்திரண்டு பெயர் அச்சடித்த தாளோடு இறங்கியவரை ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார், ஒருவர் கலர் சோடா கொடுத்தார். கார்த்திக் என்று ஒரு பையன், நான்காவது லைனில் டேப் சுற்றுகிறவன், ஓடிப்போய் ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தான். "கம்பெனி சார்புல நீங்கதான் சார் போடணும்." போடமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஐஸ் பெட்டி மேல் மாலையை வைத்து ஸ்ரீகாந்த் கும்பிட்டபோது யாரோ மைக்கில், "ஒரகடம் கம்பெனியிலிருந்து முதலாளி அவர்கள்" என்று அறிவித்துவிட்டார்கள்.

தாத்தா உண்மை என்பது உறுதியானது. இனி பேரப்பிள்ளைகள்.

ஸ்ரீகாந்த் பரிமளாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாளின் பின்பக்கம் கோடு போட்டு உறவு எழுத ஆரம்பித்தார். தாத்தாவுக்கு இரண்டு மனைவி, ஒன்பது பிள்ளைகள். மூத்தவளின் இரண்டாவது மகனின் மகன் கார்த்திக். இளையவளின் கடைசி மகன், மூத்தவளின் மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தியைக் கட்டியிருந்ததால் அவர்கள் மகள் ஒரு வழியில் பேத்தி, இன்னொரு வழியில் கொள்ளுப் பேத்தி. அங்கே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாளுக்கு வெளியே போய்விட்டன. ஸ்ரீகாந்த் பேனாவை மூடினார்.

"இது என்னால ஆகாது. நீங்க லிஸ்ட் போடுங்க. விதில இருக்கறது சொந்தத் தாத்தா. யாருக்கு சொந்தம், யாருக்கு இல்லன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"கொள்ளுத் தாத்தா?"

"அதுவும் தாத்தாதான். சேத்துக்குங்க."

பரிமளா தாளை வாங்கினாள். பிறந்ததிலிருந்து அவரைத் தாத்தா என்று கூப்பிட்டிருக்கிறாளே தவிர, எப்படித் தாத்தா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். சடையப்பன் அவரை மாமா என்பார். ஏன் என்றால், சடையப்பனின் அப்பாவும் அவரும் ஒரே ஏரில் கூலி ஓட்டியவர்கள். அவ்வளவுதான். முதல் பெயராகத் தன் பெயரை அடித்தாள். அடித்தபோது அவளையறியாமல் கண் கலங்கியது. பிறகு வரிசையாகப் பார்த்து, மொத்தம் பதிமூன்று பேரை விட்டுவிட்டு மற்ற பதினெட்டையும் அடித்தாள். அதில் ஜெனிஃபரும் ஒருத்தி.

செய்தி பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஜெனிஃபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்மே, எனுக்கு அவரு தாத்தா இல்லன்னு சொன்னியாமே?"

"ஜெனி, நான் சொல்லல. விதில—"

"எங்கம்மா ஞானஸ்நானம் வாங்கினப்போ எங்க வூட்ல ஒருத்தரும் வர்ல. இவுருதான் வந்து முன்னாடி ஒக்காந்துகினு இருந்தாரு. உன் விதில அது கீதா?"

பரிமளா தன் பெயர் அடித்திருப்பதைக் காட்டினாள். "என்னையும்தான் அடிச்சிட்டேன்."

"உன்ன அடிச்சிக்கோ. என்ன அடிக்க நீ யாரு?" என்று சொல்லிவிட்டு ஜெனிஃபர் போய்விட்டாள். மற்ற பதினேழு பேரும் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. அம்முலுகூட மகளைப் பார்த்து, "செத்த வூட்ல ஒக்காந்துகினு இன்னா பேஜாருடி இது?" என்றாள்.

பரிமளா மேளச் சத்தத்துக்கு எட்டாத இடமாகப் பார்த்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பதினெட்டுப் பேரும் நாளை வேலைக்கு வரப்போவதில்லை, அது அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை லாரி போக வேண்டும், அது தினேஷ்குமாருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தவளுக்கு, தொழிற்சாலைச் சட்டப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளைக்குள் ஒரு நாள் முழு விடுமுறை தர வேண்டும். ஞாயிறிலிருந்து பின்னோக்கி விரல் விட்டாள். சனி, வெள்ளி, வியாழன். நாளை வியாழன்.

ஓடிவந்து ஸ்ரீகாந்திடம் சொன்னாள். "சார், இந்த வாரம் நாலாவது லைனுக்கு மட்டும் ஞாயித்துக்கிழம லீவ நாளைக்கு மாத்திடலாம். நாளைக்கு யாரும் ஆப்சென்ட் இல்ல. ஞாயித்துக்கிழம வந்து திங்கக்கிழம லாரிக்குச் சரக்கு ரெடி பண்ணிடுவாங்க. பேரப் பசங்களுக்கும் அப்ப தனி லீவே தேவையில்ல."

ஸ்ரீகாந்த் அவளையே பார்த்தார். "அதுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டணும். இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் தெரிவிக்கணும்."

"லீவு நாளைக்குத்தானே சார்? இன்னிக்கு ஒட்டினா முன்கூட்டிதான்."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நோட்டீஸை போனில் தட்டினார்கள். ஸ்ரீகாந்த் அதை ஆபீசுக்கும் அனுப்ப வேண்டிய இடங்களுக்கும் அனுப்பினார். ஏழேகாலுக்கு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அதை ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். தினேஷ்குமாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை வேற தாத்தா யாரும் இல்லையே?"

மறுநாள் தாத்தாவை நல்லபடியாக அனுப்பி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பரிமளாவுக்குப் பக்கத்தில் ஜெனிஃபர் உட்காரும் சீட் காலியாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் இருந்தது. ஜெனிஃபரும் இன்னும் மூன்று பேரும் சர்ச்சுக்குப் போக வேண்டும். ஜெனிஃபர் இதைப் பரிமளாவிடம் வந்து சொல்லவில்லை, பரிமளாவுக்குத் தானாகத் தெரியும். அந்த நால்வருக்கும் இரண்டாம் ஷிப்ட் போட்டு, தனி வேனும் ஏற்பாடு செய்தாள். அப்படியானால் காலை ஷிப்டில் நான்கு ஆள் குறையும். மூன்று இடத்தைப் பக்கத்தில் நிற்பவர்கள் சேர்த்துப் பார்த்துக்கொண்டாலும் ஒரு இடம் காலி. தினேஷ்குமார் கையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

"ஆளு கொறையுதே, எச்.ஆர். என்ன பண்ணப் போகுது?"

"நான் நிக்கறேன் சார்" என்றாள் பரிமளா. அதை யோசித்துச் சொல்லவில்லை.

நீல நிற மேலங்கியும் தொப்பியும் போட்டு, கார்த்திக்குக்கு அடுத்த இடத்தில் அவளை நிறுத்தினார்கள். ஒயர்க் கட்டின் கிளை பிரியும் இடத்தில் டேப்பை ஒரே அழுத்தத்தில் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும். பார்க்கச் சுலபமாக இருந்தது. பெல்ட் நகர ஆரம்பித்ததும், அவள் ஒன்றைச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு அவளைத் தாண்டிப் போய்விட்டன. டேப் விரலில் ஒட்டியது, விரலிலிருந்து தொப்பியில் ஒட்டியது. கார்த்திக் தன் வேலையையும் செய்து, எட்டி அவள் வேலையையும் செய்துகொண்டிருந்தான். இரண்டு மணி நேரத்தில் அவள் முழுதாக முடித்தது பதினொன்று. தரம் பார்க்கும் மேஜையிலிருந்து அதில் ஒன்பது சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. லைன் முழுக்கச் சிரித்தது. மூன்று நாளாகப் பேசாதவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"மேடம், உங்கள இன்டர்வியூ பண்ணது யாரு மேடம்?" என்று ஒருவன் கேட்டான்.

"கை வேக டெஸ்ட்டுல இவங்க பெயிலுடா" என்றான் இன்னொருவன். அதற்குப் பிறகு அவளுக்கு டேப் எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான் தந்தார்கள்.

இரண்டரை மணிக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தது. ஜெனிஃபர் சர்ச்சுக்குக் கட்டிய புடவை மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பரிமளாவின் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்பது கட்டும் குவிந்திருந்தன. ஜெனிஃபர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இத யாரு சுத்துனது?"

"நான்தான்."

"கட்டு போட்ட கால் மாரி கீது" என்றாள் ஜெனிஃபர். சிரிக்கவில்லை. பிளேடை எடுத்து டேப்பைக் கீறிப் பிரித்து, மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். அவள் விரல்கள் போன வேகத்தைப் பரிமளா வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த விரல்களை வேலைக்கு எடுத்தவள் அவள்தான், ஆனால் அவை வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்பதாவதைச் சுற்றி முடித்ததும் ஜெனிஃபர் தலை நிமிராமல் கேட்டாள்.

"எதுனா துன்னியா?"

"இல்ல."

"பையில பிரெட்டு கீது, சர்ச்சுல குடுத்தாங்க. போயி துன்னு. இங்க நின்னுகினு என் வேலயக் கெடுக்காத."

பரிமளா போய்ச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலை லாரி கிளம்பியது.

அடுத்த வாரம் ஸ்ரீகாந்த் கூட்டம் போட்டு, ஒரே ஊர்க்காரர்கள் ஒரு லைனில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தார். அது பரிமளாவே எழுதிக் கொடுத்த பரிந்துரை. முன்பு கொடுத்த யோசனை தவறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாள். காலனிக்காரர்கள் நான்கு லைனுக்கும் பிரிந்தபோது கொஞ்சம் முணுமுணுத்தார்கள். இரண்டு வாரத்தில், மற்ற லைன்களில் யார் வீட்டுச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் முணுமுணுப்பு நின்றது.

பங்குனியில் பரிமளாவுக்கு வேலை நிரந்தரமானது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆள் எடுக்கப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறாள். தவணையில் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள். புள்ளலூரில் முதல் முகாம் போட்டபோது கூட்டம் அள்ளியது. ஒரு வீட்டிலிருந்து நான்கு பேர் ஒன்றாக வந்து வரிசையில் நின்றார்கள். அண்ணன், தம்பி, அண்ணி, அத்தை மகள். நான்கு பேரும் சோதனையில் தேறினார்கள். பரிமளா பயோடேட்டாக்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு நான்கு பேரையும் எடுத்து, நான்கு லைனில் போட்டாள்.